பர்மிங்ஹாம் எழுத்துள்ள பென்னிகள்: பத்துக் காசு, ஒரு மரத்தட்டு

பழைய பிரிட்டிஷ் நாணயம் சேர்க்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் திணறிப்போவது, எல்லாவற்றையும் சேர்க்கப் பார்ப்பதால்தான். ஃபார்த்திங்கில் ஆரம்பித்து கிரௌன் வரை, ஒவ்வொரு ராஜா ராணிக்கும், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று என்று கிளம்பினால் ஆயுசும் போதாது, சம்பளமும் போதாது. நான் குடியிருப்பது பர்மிங்ஹாமில். அதனால் இந்த ஊரில் அடித்து, இந்த ஊர்ப் பட்டறையின் எழுத்தைத் தாங்கி வெளியே போன பென்னிகள் மட்டும் எனக்குப் போதும் என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் பார்த்தால் மொத்தம் பத்து. ‘ஹெச்’ எழுத்தோடு 1874, 1875, 1876, 1881, 1882, 1912, 1918, 1919. ‘கேஎன்’ எழுத்தோடு 1918, 1919. அவ்வளவுதான். அந்தப் பத்தைத் தேடியது, எழுத்தைப் படித்தது, அழுக்கு எடுத்தது, வைக்க ஒரு தட்டு செய்தது, இதுதான் இந்தப் பதிவு.

முதலில் பென்னி எப்படிப்பட்ட காசு என்று சொல்லிவிடுகிறேன். 15 பிப்ரவரி 1971 அன்று பிரிட்டன் தசம முறைக்கு மாறும்வரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட்; ஆக, பவுண்டுக்கு 240 பென்னி. 1860-இல் செம்புக் காசை விட்டுவிட்டு வெண்கலத்துக்கு வந்தார்கள்: செம்பு 95 பங்கு, வெள்ளீயம் 4, துத்தநாகம் 1. அன்றிலிருந்து கடைசிவரை அளவு மாறவே இல்லை. குறுக்களவு 30.8 மில்லிமீட்டர், எடை 9.45 கிராம். அந்த எடையில் ஒரு கணக்கு இருக்கிறது. 48 பென்னி சேர்ந்தால் சரியாக ஒரு பவுண்ட் எடை, மூன்று சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். கடிதம் நிறுக்கப் படிக்கல் இல்லாத வீட்டில் மூன்று பென்னியை வைத்தே வேலையை முடிக்கலாம். எனக்கும் இது உதவியது. சின்ன டிஜிட்டல் தராசு வாங்கியதும், தேயாத 1967 பென்னி மூன்றை அதில் வைத்துப் பார்த்தேன். 28.35-ஐ ஒட்டி நின்றது. தராசு சரி.

அப்புறம் அந்த எழுத்துகள். லண்டன் டவர் ஹில்லில் இருந்த அரசு நாணயச்சாலைக்கு வேலை மிஞ்சும்போது பென்னி அடிக்கும் வேலையை வெளியே கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பர்மிங்ஹாமின் ஹீட்டன் குடும்பத்துக்குத்தான் வந்தது; ‘ஹெச்’ அவர்கள் பெயரின் முதல் எழுத்து. மேத்யூ போல்டன் ஹேண்ட்ஸ்வர்த்தில் நடத்திய சோஹோ நாணயச்சாலை 1850-இல் ஏலத்துக்கு வந்தபோது அதன் அச்சு இயந்திரங்களை வாங்கிப்போட்டவர் ரால்ஃப் ஹீட்டன். பிறகு இக்னீல்ட் தெருவில் பெரிய ஆலையே எழுந்தது. 2003-இல் அது மூடப்பட்டுவிட்டது. தெருவைப் பார்த்த செங்கல் முகப்பு மட்டும் இன்னும் நிற்கிறது. நகைக்கடைத் தெருக்களுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறேன்.

‘கேஎன்’ என்பது ஊரின் தெற்குப் பக்கத்தில் இருந்த கிங்ஸ் நார்ட்டன் மெட்டல் கம்பெனி. முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது அவர்களும் பென்னி அடித்தார்கள். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கும். 1896-இல் ஒரு ஏமாற்றுக்காரன் ‘ஹாலம் அண்ட் கோ’ என்று இல்லாத ஒரு கம்பெனியின் கடிதத்தாளில் ஆர்டர் அனுப்பி இவர்களிடம் பித்தளைக் கம்பியைக் கறந்துகொண்டு போனான். அந்த வழக்கு ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இன்றைக்கும் வருகிறது. காசு அடித்ததைவிட ஏமாந்ததால் கிடைத்த பெயர்தான் பெரிது போலிருக்கிறது.

சரி, தேடல். காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்து விற்கும் ‘கார் பூட்’ விற்பனைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பென்னிகள் எடைக்கணக்கில் கிடைக்கும். அதில் இந்தப் பத்தில் எத்தனை தேறும் என்று கேட்டால், மிகக் குறைவு. 1960-களில், தசம முறை வரப்போகிறது என்று தெரிந்ததும், நாட்டில் பாதிப்பேர் தங்கள் சில்லறையைக் கொட்டி வருடம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்துள்ளவை அப்போதே பொறுக்கி எடுக்கப்பட்டுவிட்டன. அதனால் டப்பாவை வாங்குகிறவர் கற்றுக்கொள்வதற்காக வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம். எனக்கு டப்பாவில் கிடைத்தவை 1876 ஹெச்சும் 1912 ஹெச்சும். இரண்டும் அதிகம் அடிக்கப்பட்டவை. 1876-இல் லண்டன் பென்னியே அடிக்கவில்லை, அந்த வருடத்துப் பென்னி எல்லாமே ஹெச்தான். 1912-இல் ஹீட்டன் அடித்தது மட்டும் 1 கோடியே 68 லட்சம்.

மற்றவற்றுக்கு வியாபாரிகளிடம்தான் போக வேண்டும். நகரத்தை ஒட்டி, தேசிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்தில் மிட்லேண்ட் நாணயச் சந்தை நடக்கிறது. அங்கே அழகான வெள்ளி நாணயமெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். நமக்கு வேண்டியது மேசைக்கடியில் அட்டைப்பெட்டியில், ‘எதை எடுத்தாலும் ஒரே விலை’ என்று இருக்கும் பென்னிக் குவியல். குனிந்து உட்கார்ந்து புரட்டுகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. “நல்லா எடுத்துப் பாருங்க, கடிக்காது” என்றார் ஒரு பெரியவர். அவர் குவியலில்தான் 1874, 1882 இரண்டும் கிடைத்தன.

இப்போது நிஜமான வேலைக்கு வருகிறேன்: எழுத்தைப் படிப்பது. விக்டோரியா பென்னியின் பின்பக்கத்தில், பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவுக்குக் கீழே வருடம் இருக்கும். அந்த வருடத்துக்கும் கீழே, நடுவில், விளிம்பை ஒட்டிச் சின்னதாக ஹெச். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பென்னியில் எழுத்து வருடத்துக்கு இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். இந்தப் பென்னிகளில் பலவும் ஏறக்குறைய நூறு வருடம் கைமாறியவை. 1971 ஆகஸ்ட் வரை செல்லுபடியானதால் விக்டோரியா காசுகூட 1960-களில் பஸ் கண்டக்டர் பையில் குலுங்கியிருக்கிறது. ராணியின் கொண்டை வழவழவென்று ஆகி, வருடமே நிழலாகத்தான் தெரியும். அதற்குக் கீழே ஒரு ஹெச் இருக்கிறதா இல்லையா?

பெரிய விளக்கை நேர் மேலே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரே ஒரு சின்ன விளக்கை காசின் மட்டத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுத்த கோணத்தில் வைக்க வேண்டும். கைப்பேசி டார்ச்சே போதும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசை மெதுவாகச் சுற்ற வேண்டும். வெளிச்சம் இடமிருந்து வந்தால் ஹெச்சின் இரண்டு கால்களும் நிழல் விடும். கீழிருந்து வந்தால் நடுக்கோடு எழும். இரண்டு திசையிலும் பார்த்தால்தான் எழுத்து.

கீறலா எழுத்தா என்ற சந்தேகத்துக்கும் வெளிச்சமே பதில் சொல்லும். மேடாக இருக்கும் எழுத்துக்கு விளக்கைப் பார்த்த பக்கம் மின்னும், மறுபக்கம் நிழல் விழும். பள்ளமான கீறலுக்கு இது தலைகீழ்: விளக்குக்கு அருகிலுள்ள விளிம்பு இருண்டு, தூரத்து விளிம்பு மின்னும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘ஹெச் உண்டு’ என்று விற்கப்படும் காசுகளில் சில வெறும் கீறல் என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு கோணத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. கண் பார்க்க ஆசைப்படுவதையே பார்க்கும். படத்துக்கு அந்த ஆசை கிடையாது.

வருடமே போய்விட்ட காசுக்கு இன்னொரு வழி. 1860 முதல் 1894 வரையிலான பென்னிகளில் பிரிட்டானியாவுக்கு இடப்பக்கம் ஒரு கலங்கரை விளக்கமும் வலப்பக்கம் ஒரு கப்பலும் இருக்கும். 1895-இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். தேய்ந்த விக்டோரியா காசில் விளக்கத்தின் தண்டு மட்டும் தெரிந்தாலும் போதும், காலம் பிடிபட்டுவிடும்.

1882 பென்னியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த வருடம் லண்டன் நாணயச்சாலையில் இயந்திரங்களை மாற்றும் பணி நடந்ததால் பென்னி முழுக்க ஹீட்டனுக்குப் போய்விட்டது. அதனால் 1882-இல் ஹெச் உள்ளது சாதாரணம். ஹெச் இல்லாதது மிக மிக அரிது, அதற்கேற்ற விலை. விளைவு என்ன? ஹெச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ‘அரிய காசு’ என்று விற்கும் கூத்து. வருடத்துக்குக் கீழே உலோகப் பரப்பு மட்டும் மற்ற இடத்தைவிட வழுவழுப்பாகவோ நிறம் மாறியோ இருந்தால் கைவைக்காதீர்கள். என் தொகுப்புக்கு ஹெச் உள்ளதுதான் வேண்டும் என்பதால் எனக்கு இந்தத் தலைவலி இல்லை. மலிவானதைத் தேடுகிறவனுக்கு அப்படி ஒரு நிம்மதி உண்டு.

உண்மையில் காசைக் கரைத்தது 1875 ஹெச். லண்டன் அந்த வருடம் ஒரு கோடிக்கு மேல் அடித்தது. ஹீட்டன் அடித்தது 7,52,640 மட்டும். இந்த ஒன்றை மட்டும் குவியலில் தேடுவதை விட்டுவிட்டேன். ஆதாரத்தோடு விற்கும் வியாபாரியிடம், படத்தைப் பார்த்து, எடையைக் கேட்டு, திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வாங்கினேன். மற்ற ஒன்பதுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட இந்த ஒன்றுக்குக் கொடுத்தது அதிகம். எழுத்தைப் பின்னால் ஒட்டவைத்த போலியா என்று ஹெச்சின் அடியைச் சுற்றி லென்ஸில் பார்த்தேன். உண்மையான எழுத்து பரப்பிலிருந்தே எழுந்துவரும், சுற்றிலும் மெல்லிய பிளவோ பசைக்கோடோ இருக்காது. தேய்ந்த காசுக்கு 9.2 கிராம் சரியான எடை.

கேஎன் காசுகள் வேறு மாதிரிச் சோதனை. 1918-இல் ஹெச், கேஎன் இரண்டும் சேர்த்தே சுமார் 36 லட்சம். 1919-இல் சுமார் 52 லட்சம். கிடைக்காதவை அல்ல, நல்ல நிலையில் கிடைக்காதவை. ஐந்தாம் ஜார்ஜின் தலை அச்சில் பெரிதாகவும் ஆழமாகவும் இருந்ததால், அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே ஓடிவிடும். மறுபக்கத்தில் பிரிட்டானியாவின் முகமும் மார்பும் பிறக்கும்போதே மொட்டை. சில காசுகளில் ராஜாவின் தலை வடிவம் பின்பக்கத்தில் ஆவிபோல் தெரியும். 1928-இல் தலையைச் சின்னதாக்கிய பிறகுதான் இது தீர்ந்தது. எனவே 1918, 1919 பென்னியின் தரத்தை பிரிட்டானியாவை வைத்து எடைபோடக் கூடாது. ராஜாவின் காது, தாடி, மீசை முடிகளைப் பாருங்கள். ‘ஃபைன்’ (ஓரளவு தேய்ந்தது என்ற தரம்) என்று விற்ற ஒன்றில் தாடி முடி பிரிந்து தெரிந்தது. பின்பக்கத்தைப் பார்த்து மற்றவர்கள் ஒதுக்கியது எனக்கு வந்தது.

இந்தப் பத்தையும் வரிசையாக வைத்து எழுத்துகளைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். ஜார்ஜ் காசு ஐந்திலும் பட்டங்களின் கடைசியில் ‘இண்ட் இம்ப்’ என்ற லத்தீன் சுருக்கம், இந்தியாவின் பேரரசர் என்று. விக்டோரியா காசு ஐந்திலும் அது இல்லை. 1876-இலேயே அவருக்கு அந்தப் பட்டம் வந்துவிட்டது. வெண்கலக் காசில் அது ஏற 1895 ஆயிற்று. நம் நாடு விடுதலை பெற்ற பிறகும் 1948 வரை அடித்த பென்னியில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது, 1949-இல்தான் இறங்கியது.

இனி அழுக்கு. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளக்கவைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர், உலோக பாலிஷ், பற்பசை எதுவும் காசின் மேல் படக்கூடாது. நூறு வருடம் ஏறிய பழுப்புத் தோலை அமிலம் ஒரே நிமிடத்தில் உரித்துவிடும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புச் செம்பு மறுபடி அந்த நிறத்துக்கு வராது. அப்படித் துலக்கிய காசை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார். நான் செய்தது குறைவு, அதுவும் மெதுவாக.

முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது, வெண்கலத்துக்கு அது எதிரி. ஒரு ராத்திரி ஊறினால் மண்ணும் தூசும் இளகும். கூர்மழுங்கிய பல்குத்தும் குச்சியால் எழுத்துகளின் ஓரத்தை மட்டும் லேசாகத் தள்ளிவிட்டு, திரும்பவும் புதுத் தண்ணீர். துடைக்காமல் மெத்தென்ற துண்டின் மேல் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் மெல்லிய கீறல் விழும், லென்ஸில் அது நன்றாகத் தெரியும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கும், பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பச்சைப் பசைக்கும் அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கலப்படமில்லாத அசிட்டோனாக வாங்குங்கள். கண்ணாடிக் குடுவையில், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தூரமாக. பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே இளகும்.

1881 ஹெச்சில் வருடத்தின் மேலேயே பச்சைக் களிம்பு கட்டியாக இருந்தது. அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். வாரக்கணக்கில் ஊறவிட்டு, அவ்வப்போது எடுத்து, ரோஜா முள்ளால் களிம்பைச் செதில் செதிலாகக் கிளப்பினேன். உலோக ஊசியைவிட முள் நல்லது: வெண்கலத்தைவிட மெது, ஊறி இளகிய களிம்பைக் கிளப்ப அது போதும். பொறுமைதான் இதில் பாதிக் கருவி. கட்டி போனபின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன, அவை போகாது. எட்டையும் ஒன்றையும் தெளிவாகப் படிக்க முடிகிறது, அது போதும். கடைசியில் அசிட்டோனில் ஒரு முக்கு, எண்ணெய் முழுக்கப் போய்விடும்.

களிம்பு கெட்டியாக, கரும்பச்சையாக இருந்தால் பயமில்லை. வெளிர் பச்சையில் மாவுபோல் உதிர்ந்தால் அது இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட தனி டப்பியில் போடுங்கள்.

கடைசி வேலை தட்டு. அட்டை உறைகளில் ஸ்டேப்ளர் அடித்து வைப்பது சுலபம், ஆனால் எனக்குக் காசைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய நாணயப் பெட்டிகள் மஹோகனியில் செய்யப்படுவதற்குக் காரணம் உண்டு. ஓக் மரம் அமில ஆவி விடும். ஈயக் காசுக்குத்தான் அது பெரிய கேடு என்றாலும் வெண்கலத்தையும் அதில் வைக்க வேண்டாம். பிளைவுட்டில் பசை. உடைந்த பழைய மேசையின் மஹோகனிப் பலகை ஒன்று கிடைத்தது, அதில் 240-க்கு 190 மில்லிமீட்டர் அறுத்தேன்.

பென்னி 30.8, எனவே அடி தட்டையான வட்டக் குழி போடும் 32 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னர் பிட். மையத்துக்கு மையம் 45 மில்லிமீட்டர், ஒரு வரிசையில் ஐந்து, இரண்டு வரிசை. கையால் பிடிக்கும் டிரில்லில் குழியின் அடி சமமாக வராது. பெஞ்ச் டிரில்லில் ஆழத்தை 4 மில்லிமீட்டருக்கு நிறுத்திவைத்துத் துளைத்தேன். பிட்டின் நடுமுனை ஒரு புள்ளிப் பள்ளம் விடும். அதை மறைக்க அடியில் ஃபெல்ட் துணி. கம்பளி ஃபெல்ட் வேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது, காசு கறுக்கும். நான் போட்டது பாலியெஸ்டர். துணி மெத்தென்று இருப்பதால் காசின் ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பும், நகம் போட்டு நெம்ப வேண்டியதில்லை. பலகைக்கு 240 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்ததோடு சரி. வார்னிஷ், எண்ணெய் எதுவும் இல்லை. இரண்டும் மாதக்கணக்கில் ஆவி விடும்.

ஒவ்வொரு குழியிலும் காசுக்கடியில் அமிலமில்லாத காகிதத்தில் வட்டமாக வெட்டிய சீட்டு. பென்சிலால் வருடம், எழுத்து, எடை, எங்கே வாங்கியது, என்ன விலை. மேல் வரிசை விக்டோரியா, கீழ் வரிசை ஜார்ஜ்.

பலகையில் மூன்றாவது வரிசைக்கு இடம் மிஞ்சியது. அதன் நடுவில் பதினோராவதாக ஒரு குழி போட்டேன். அதில் இருப்பது பென்னி இல்லை. அதே சோஹோ நாணயச்சாலையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அடித்த 1808-ஆம் வருடத்து, ‘20 காசு’ மதிப்புள்ள நாணயம் ஒன்று. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தும் அடியில் ரோமன் எண்ணில் மதிப்பும். தமிழோ தெலுங்கோ ஓர் எழுத்துக்கூட இல்லை, ஆனால் போக வேண்டிய இடம் சென்னை. ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. டன் கணக்கில் காசு கடலடியில் கிடந்து, 1980-களில் மேலே வந்தது. அதனால் இன்று விலை மலிவு, சான்றிதழோடே கிடைக்கிறது. குறுக்களவு பென்னியை ஒட்டியே இருப்பதால் அதே பிட் போதுமானதாக இருந்தது. இதை மட்டும் எதிலும் ஊறவைக்கவில்லை. உப்புத்தண்ணீரில் கிடந்த காசு என்பதால் ஈரம் படாமல், மாதம் ஒருமுறை வெளிர் பச்சை தெரிகிறதா என்று பார்த்து வைக்கிறேன்.

அரைப் பென்னியிலும் அதே ஐந்து விக்டோரியா வருடங்களுக்கு ஹெச் உண்டு. அதன் குறுக்களவு சரியாக ஒரு அங்குலம், 25.4 மில்லிமீட்டர். 26 மில்லிமீட்டர் பிட் வாங்கினால் இடைவெளி போதாது, விரல் அழுத்தினால் காசு சாயாமல் இறுகும். 28-இல் கடகடவென ஆடும். இப்போதைக்கு ஒரு வேஸ்ட் துண்டில் இரண்டையும் துளைத்துப் பார்க்கப் போகிறேன்.